பகலுக்கு மாற்றாதீர்கள்: வேட்டைப்பறவை மைய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

போன வாரம் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கையை மூன்று முறை படித்துவிட்டேன். சிகிச்சையில் இருக்கும் ஆந்தைகளில் 'அமைதியான சுபாவம் உள்ளவற்றை' தினமும் காலை 11 மணிக்கும் மாலை 3 மணிக்கும் பார்வையாளர் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பின்கட்டில் உள்ள பறப்புக் கூண்டின் பலகைச் சுவரைப் பிரித்துவிட்டு, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி கம்பிவலை அடிக்க வேண்டும். இரவுத் தொலைபேசியை 8 மணியோடு நிறுத்திவிட வேண்டும். இந்த முடிவுகளை எடுத்தவர்களில் ஒருவர்கூட ஆந்தைப் பிரிவில் ஓர் இரவு முழுக்க இருந்ததில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும்.

நான் அங்கே ஒன்பது வருடமாக இருக்கிறேன். தன்னார்வலர் என்பதால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கில்லை. ஆகவே, சம்பளத்துக்கு இருப்பவர்கள் சொல்லத் தயங்குவதையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 'அமைதியான சுபாவம்'. சோதனை ஓட்டம் என்று நீங்கள் நான்கு நாள் நடத்தினீர்களே, அதற்குத் தேர்ந்தெடுத்தது 41ஆம் எண் கூகையை. முள்கம்பியில் மாட்டி, சிறகின் முன்விளிம்புத் தோல் கிழிந்து தொங்க வந்த பறவை. வந்த அன்று எடை 226 கிராம். மார்பைத் தொட்டால் சதையே இல்லை, நடு எலும்பு கத்தியின் முதுகு மாதிரி விரலில் இடித்தது. பட்டினியில் வந்த பறவைக்கு உடனே முழு எலியைப் போட்டால் அதுவே அதைக் கொன்றுவிடும். முதல் நாள் வெறும் நீர்ச்சத்து. மறுநாள் எலும்பும் ரோமமும் நீக்கிய சின்னச் சின்ன இறைச்சித் துண்டு. அது செரித்து எச்சம் சரியாக வந்த பிறகுதான் முழு இரை. கிழிந்த தோலைத் தைத்தால் மட்டும் போதாது. ஆறும்போது சுருங்கிவிட்டால் சிறகு அப்புறம் முழுதாக விரியாது. அதனால் வாரம் இருமுறை மயக்கம் கொடுத்து, மருத்துவர் அந்தச் சிறகை மெல்ல நீட்டி மடக்கினார். இப்படி ஐந்து வாரம் போராடி 318 கிராமுக்குக் கொண்டுவந்தோம்.

அந்தப் பறவையைத்தான் கூடத்துக்குக் கொண்டுபோனோம். நானும் உடன் இருந்தேன். விளக்கெல்லாம் எரிய, ஒலிபெருக்கியில் ஒருவர் பேச, கையுறையின் மேல் அது அசையாமல் நின்றது. இறகுகளை உடம்போடு ஒட்ட இறுக்கி, குச்சி மாதிரி நீண்டு, முகவட்டத்தைக் குறுக்கி, கண்ணைக் கீற்றாக்கிக்கொண்டு நின்றது. முன்வரிசையில் ஒரு அம்மா தன் பிள்ளையிடம், "என்ன சமத்துப் பாரு, தூங்குது!" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பக்கத்தில் நீங்கள் வைத்திருந்த பலகையிலும் 'ஓய்வில் இருக்கும் ஆந்தை' என்றுதானே எழுதியிருந்தது.

அது தூங்கவில்லை. பகலில் அகப்பட்டுக்கொண்ட ஆந்தைக்குத் தெரிந்த முதல் தற்காப்பு, மரக்கட்டை மாதிரி நிற்பது. பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள்தான் நாமெல்லாம். வெளிச்சத்தில் ஓர் ஆந்தை சிறகை அசைத்தால் போதும், ஊரிலுள்ள பறவையெல்லாம் கூடிக் கத்தித் துரத்தும். அதனால் பயம் கூடக்கூட அது அசைவைக் குறைத்துக்கொள்ளும். அலகைச் 'சட் சட்' என்று அடிக்கிற ஆந்தை தன்னால் எதிர்க்க முடியும் என்று இன்னும் நம்புகிறது. சத்தமே போடாமல் நிற்பது அந்த நம்பிக்கையையும் விட்டுவிட்டது. நீங்கள் 'அமைதியான சுபாவம்' என்று பொறுக்கி எடுத்தது, இருந்தவற்றுள் அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்த ஒன்றை.

என் பேச்சை நம்ப வேண்டாம், எடை நோட்டைப் பாருங்கள். சோதனைக்கு முந்தின நாள் 318. அப்புறம் 311, 306, 299. முதல் இரவு வைத்த எலி காலையில் தட்டில் அப்படியே கிடந்தது, விறைத்துப்போய், வால்கூடக் கலையாமல். எப்போதும் காலையில் கட்டைக்குக் கீழே ஓர் உருண்டை கிடக்கும். தின்ற இரையின் ரோமத்தையும் எலும்பையும் கறுப்பாகத் திரட்டி ஆந்தை கக்கிவிடும். பிரிவுக்குள் நுழைந்ததும் நாங்கள் தேடுவது அதைத்தான். அந்த நான்கு நாளில் ஒரே ஒரு உருண்டைதான் கிடந்தது, அதுவும் பாதி அளவு. நான்காம் நாள் மாலை நோட்டில் 'காட்சிக்கு ஏற்றதல்ல' என்று எழுதிவிட்டு அதை இருட்டறைக்குக் கொண்டுபோனது நான்தான். யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று வந்த மெமோவுக்கும் இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி ஒரு சின்ன விஷயம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கூகையின் இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே, இன்னொன்று கீழே. ஒரு சத்தம் இரண்டையும் எட்டுகிற நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்து, அது எந்தப் பக்கம், எவ்வளவு கீழே என்று கணக்குப் போட்டுவிடும். ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் துளி வெளிச்சமில்லாத அறையில் கூகையை விட்டுப் பார்த்தார். தரையில் பரப்பிய சருகில் ஓடுகிற எலியை, அந்தச் சரசரப்பை மட்டும் கேட்டு அது பிடித்தது. எலிக்குப் பதிலாக ஒரு காகித உருண்டையைச் சருகில் இழுத்தபோது அதன்மேலும் பாய்ந்தது. அப்படிப்பட்ட காதுக்கு ஓரடி தூரத்தில்தான் நாம் மைக்கைப் பிடித்தோம்.

சரி, பலகைச் சுவருக்கு வருகிறேன். அது அழகாக இல்லை என்பது உண்மை, பழைய கட்டுமானத் தட்டி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் காரணமில்லாமல் யாரும் அதை அடிக்கவில்லை. உதிர்ந்த ஒரு புறா இறகை எடுத்துக் காதருகே வீசிப் பாருங்கள், 'விஸ்' என்று கேட்கும். கூகையின் வெளிச்சிறகு இறகை வீசுங்கள், ஒன்றும் கேட்காது. அதன் முன்விளிம்பில் பேன் சீப்பு போல நுண்ணிய பற்கள், மேல்பரப்பில் வெல்வெட் போன்ற மென்தூவி, பின்விளிம்பில் குஞ்சம். காற்றை நறுக்கி ஓசையை அடக்குவது இந்த மூன்றும்தான். இரைக்குக் கேட்காமல் பறக்க மட்டுமல்ல, பறக்கும்போதே இரையின் சத்தத்தைத் தான் கேட்கவும் இது வேண்டும். ஆள் நடமாட்டத்தைக் கண்டு மிரண்ட ஆந்தை கம்பிவலையில் போய் மோதினால் முதலில் நாசமாவது இந்தச் சீப்புதான். அடுத்து இறகே ஒடியும். பெரிய ஆந்தைகள் எல்லாச் சிறகிறகையும் மாற்றி முடிக்க இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். அதுவரை அது நம் கூண்டில்தான்.

இரண்டு வருடம் முன்பு கதவுப் பக்கத்து வலையில் மோதி ஒரு கூகைக்கு இரண்டு இறகு ஒடிந்தது. அதை எப்படிச் சரிசெய்தோம் என்று சொல்கிறேன். மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் உறைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், குப்பை என்று ஒருமுறை எடுத்துப்போடச் சொன்னதும் நீங்கள்தான். இறந்த பறவைகளிலிருந்தும் உதிர்ந்தவற்றிலிருந்தும் சேர்த்த இறகுகள் அவை. எந்த இனம், எந்தச் சிறகு, எத்தனையாவது இறகு என்று ஒவ்வோர் உறையிலும் எழுதியிருக்கும். ஒடிந்த இறகின் காம்பு உள்ளே குழலாக இருக்கும். அதற்குள் போகும்படி மூங்கில் சிம்பை நகக்கண் அளவுக்குச் சீவி, பாதி இதில், பாதி புது இறகின் காம்பில் என்று செருகிப் பசை வைத்து ஒட்டுவோம். கோணம் ஒரு துளி பிசகினாலும் பிரித்து மறுபடி செய்ய வேண்டும். இரண்டு இறகுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. பலகைச் சுவரைப் பிரித்த பிறகு இந்த வேலையை எத்தனை இறகுக்குச் செய்யச் சொல்வீர்கள்?

அடுத்ததை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் புது விளம்பரத் தாளின் அட்டையில், சிரிக்கிற ஒரு சிறுமியின் பக்கத்தில் ஒரு கூகை இருக்கிறது. 'மனிதரை நேசிக்கும் எங்கள் நட்சத்திரம்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் கூகையைக் கெடுத்தது நான்.

நான் சேர்ந்த முதல் வருடம் அது குஞ்சாக வந்தது. கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை, வெள்ளைப் பஞ்சில் மூக்கை மட்டும் ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. மடியில் வைத்து ஊட்டினேன், பேர் வைத்தேன், நாள் முழுக்கப் பேசினேன். கண் திறந்து அது முதலில் பார்த்த முகம் என்னுடையது. தான் எந்த இனம் என்பதைக் குஞ்சு அந்த வயதில்தான் மனதில் பதித்துக்கொள்ளும்; இம்பிரிண்டிங் என்பார்கள். அப்படி ஒருமுறை பதிந்தது பெரும்பாலும் மாறாது.

இறக்கை முளைத்து நன்றாகப் பறந்தது, விட்டோம். நான்காம் நாள் பசியெடுத்து, வழியில் போன ஒருவர் தலைமேல் போய் உட்கார்ந்து இரை கேட்டுக் கத்தியிருக்கிறது. இருட்டில் நகம் நீண்ட ஒன்று தலையில் இறங்கினால் யார்தான் பதறமாட்டார்கள்? கையிலிருந்த கம்பால் அடித்துவிட்டார். முழங்கை மூட்டுக்குப் பக்கத்திலேயே முறிவு. மூட்டை ஒட்டிய முறிவு கூடினாலும் மூட்டு இறுகிவிடும். பிறகு அது பறக்கவே இல்லை. அடுத்த வருடம் பருவம் வந்ததும், எனக்கென்றே என் கையுறையின்மேல் ஓர் எலியைக் கொண்டுவந்து வைத்தது. ஆண் கூகை தன் இணைக்குச் செய்கிற காரியம் அது. நீங்கள் நேசம் என்று அச்சடித்திருப்பது இதைத்தான்.

அதற்குப் பிறகுதான் முறையாகக் கற்றுக்கொண்டோம். இப்போது அநாதைக் குஞ்சுகளை நாங்கள் தொடுவதுகூட இல்லை. காட்டுக்குத் திரும்ப முடியாத ஒரு கூகை ஜோடி கடைசிக் கூண்டில் இருக்கிறது. பெண்ணுக்கு ஒரு சிறகு பாதிதான். அவர்களிடம் குஞ்சை வைத்தால் தங்கள் குஞ்சாகவே வளர்த்துவிடுகிறார்கள். இடமில்லாதபோது மட்டும் திரைக்குப் பின்னால் நின்று, ஆந்தை முகப் பொம்மையைக் கையில் மாட்டி ஊட்டுவோம். வாய் திறக்க மாட்டோம், தும்மல் வந்தால்கூட வெளியே ஓடிவிடுவோம். அந்த வளர்ப்பு ஜோடியின் பெயரும் உங்கள் காட்சிப் பட்டியலில் இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்துப் பழகிய தாயிடம் வளரும் குஞ்சு எதைக் கற்றுக்கொள்ளும் என்று யாராவது யோசித்தீர்களா?

கூட்டத்தில் ஃப்ளாக்கோவின் பேரும் அடிபட்டதாம். 'பிறந்ததிலிருந்தே கூண்டில் இருந்த ஆந்தையே வெளியே போய் வேட்டையாடிப் பிழைத்தது, நாலு நாள் கூடத்தில் வைத்தால் என்ன ஆகிவிடும்' என்று கேட்டீர்களாம். 2023 பிப்ரவரியில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் காட்சிசாலையில் யாரோ வலையை வெட்டிவிட, வெளியேறிய கொம்பன் ஆந்தைதான் ஃப்ளாக்கோ. வேட்டையாடியது உண்மை. அந்தக் கதையை அதோடு நிறுத்திவிட்டீர்கள். 2024 பிப்ரவரியில் ஒரு கட்டடத்தருகே விழுந்து செத்தது. பிரேதப் பரிசோதனையில் புறாக்களிடமிருந்து தொற்றும் ஹெர்பஸ் வைரஸும், உடம்பில் எலி மருந்தும் இருந்தன. வெளியே போகும் ஆந்தைக்குக் காத்திருப்பது இதுதான். முழுத் தெம்போடும் மனிதரைக் கண்டால் விலகும் புத்தியோடும் அனுப்பினாலே பாதி உத்தரவாதம்தான்.

எலி மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய. புரோடிஃபாகூம் போன்ற மருந்து எலியை உடனே கொல்லாது, சில நாள் தள்ளாட விடும். அப்படித் தள்ளாடும் எலிதான் ஆந்தைக்குச் சுலபமாகக் கிடைக்கும். ஆந்தையின் ஈரலில் அந்த மருந்து மாதக்கணக்கில் தங்கும். வாய்க்குள் வெளிறிப்போய், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிய வரும் பறவைகளுக்கு வாரக்கணக்கில் வைட்டமின் கே1 கொடுக்கிறோம். கூடத்துக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய செய்தி இது. ஆந்தையின் தலையைத் தடவிவிட்டுப் போகிறவருக்கு இது எப்படிப் போய்ச் சேரும்?

வேறோர் உதாரணத்தையும் நீங்கள் பார்த்திருக்கலாம். 2023 மே மாதம், மியாமி விலங்குக் காட்சிசாலையில் பாவோரா என்ற கிவிப் பறவையை வெளிச்சத்தில் வைத்துப் பார்வையாளர்கள் தடவுகிற காணொளி வெளியானது. கிவி நியூசிலாந்தின் தேசியச் சின்னம், அதுவும் இரவுப் பறவை. நியூசிலாந்தே கொதித்தது. அந்தக் காட்சிசாலை சாக்குச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டு, நிகழ்ச்சியையே நிறுத்தியது. அவர்கள் செய்து பார்த்துக் கைவிட்டதை நாம் இப்போது புதிதாக ஆரம்பிக்கிறோம்.

இரவுத் தொலைபேசிக்கு வருகிறேன். 8 மணிக்கு மேல் வரும் அழைப்புகள் குறைவு என்பது உங்கள் காரணம். ஆந்தை வண்டியில் அடிபடுவது எப்போது, காலை பத்து மணிக்கா? போன மாதம் இரவு 11.40க்கு ஒருவர் அழைத்தார். மடியில் அடிபட்ட ஆந்தை, கையில் ஒரு கிண்ணம் பால். "வாயைத் திறந்து ஊத்திடட்டுமா?" என்று கேட்டார். ஊற்றியிருந்தால் மூச்சுக்குழாயில் போய் அங்கேயே முடிந்திருக்கும். பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடுங்கள், சத்தமில்லாத இருட்டில் வையுங்கள், திறந்து திறந்து பார்க்காதீர்கள் என்றேன். மூன்று நிமிடம் பேசியிருப்போம். காலையில் கொண்டுவந்தபோது வெளியே ஒரு காயமும் தெரியவில்லை, வேறு யாராவது பார்த்திருந்தால் அப்படியே பறக்க விட்டிருப்பார்கள். மருத்துவர் கருவி வைத்துப் பார்த்ததில் வலது கண்ணின் பின்பக்கம் முழுக்க ரத்தம். இன்றைக்கு அது 9ஆம் கூண்டில், இரண்டு கண்ணும் தெரிய இருக்கிறது.

காசு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எலிக்கும் மருந்துக்கும் பார்வையாளர் பணம்தான் ஆதாரம் என்பது எனக்கும் தெரியும். நான் காட்சியே கூடாது என்று சொல்லவில்லை. காட்டுக்குத் திரும்ப முடியாது என்று முடிவாகி, மாதக்கணக்கில் பொறுமையாகக் கையுறைக்குப் பழக்கப்பட்ட பறவைகள் நம்மிடம் இருக்கின்றன. நான் கெடுத்த அந்தக் கூகையும் அதில் ஒன்று. அந்தி சாயும் நேரத்தில், சின்னக் கூட்டத்துக்கு முன்னால், தொடாமல் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு அந்த உருண்டைகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் மண்டையோடு, தாடை, விலா எலும்பு என்று எடுத்து அடுக்க ஆரம்பித்தால் நீங்கள் போகச் சொன்னாலும் போக மாட்டார்கள். பறப்புக் கூண்டுக்குள் அகச்சிவப்புக் கேமரா வைத்துக் கூடத்தில் ஒரு திரையில் காட்டுங்கள். கம்பிவலைக்கு ஒதுக்கிய தொகையில் அது முடியும் என்று கணக்குப் போட்டு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தார்களா தெரியவில்லை.

நான் கேட்பவை இவை.

சிகிச்சையில் இருக்கும் எந்த ஆந்தையையும் பார்வையாளர் முன் கொண்டுவரக் கூடாது. காட்சிக்கு ஒரு பறவை தகுமா தகாதா என்பதை மருத்துவர் மட்டுமே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். சந்தைப்படுத்தல் மேலாளர் அதில் தலையிடக் கூடாது.

வளர்ப்பு ஜோடியின் பெயரைப் பட்டியலிலிருந்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள். குஞ்சுகள் வரும் பருவம் தொடங்கப்போகிறது, இது காத்திருக்காது.

பலகைச் சுவரில் கைவைக்காதீர்கள். ஏற்கெனவே பிரித்துவிட்ட நான்கு பலகைகளை மறுபடி அடித்துவிடுங்கள், ஆணி சுத்தியலோடு நானே வருகிறேன்.

இரவுத் தொலைபேசி விடியும்வரை இயங்க வேண்டும். சம்பளம் பிரச்சினை என்றால் வாரத்தில் மூன்று இரவை நாங்கள் நான்கு தன்னார்வலர்கள் பகிர்ந்து எடுத்துக்கொள்கிறோம், மீதி நான்குக்கு மட்டும் ஆள் போடுங்கள்.

அந்த விளம்பரத் தாளைத் திரும்பப் பெறுங்கள். அந்தக் கூகையின் படத்தைப் போடத்தான் வேண்டும் என்றால், அது ஏன் பறக்க முடியாமல் போனது என்பதையும் கீழே அச்சடியுங்கள். என் பெயரைப் போட்டாலும் ஆட்சேபம் இல்லை.

மாத இறுதிக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். அதற்கும் முன்னால், உங்களில் இருவராவது ஓர் இரவு பிரிவுக்கு வாருங்கள். 41ஆம் எண் மறுபடி 312 கிராமுக்கு வந்திருக்கிறது, வியாழக்கிழமை இரவு பறப்புக் கூண்டில் முதல்முறையாக நீளப் பறக்க விடுகிறோம். கறுப்பு உடை போட்டுக்கொண்டு வாருங்கள், கைபேசியை அலுவலகத்திலேயே வைத்துவிடுங்கள். பலகை இடுக்கில் ஒரு கண் வைத்துப் பார்க்க இடம் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆந்தைப் பிரிவுத் தன்னார்வலர்களில் ஒருவர்